தீவுகளுக்கு முந்தைய கடைசி நடைமேடை

கடலைத் தொட்ட தண்டவாளங்கள் – 8
கைல் ஆஃப் லோகால்ஷ்

சென்ற வாரம், 1870 ஆகஸ்ட் 19 அன்று முதல் பயணிகள் ரயில் ஸ்டிரோம் ஃபெரிக்கு வந்து சேர்ந்ததோடு நிறுத்தியிருந்தேன். ஸ்காட்லாந்தின் கிழக்குக் கரையில் டிங்வாலிலிருந்து புறப்பட்டு, மலைகளையும் சதுப்பு நிலங்களையும் தாண்டி வந்த அந்தப் பாதை, லாக் கேரன் என்ற கடற்கழியின் கரையில் நின்றுபோனது. கம்பெனியின் பெயரோ டிங்வால் – ஸ்கை ரயில்வே. ஸ்கை தீவுக்கு நேர் எதிரே, கூப்பிடு தூரத்தில் இருக்கும் கைல் ஆஃப் லோகால்ஷ் முனைவரை பாதை போடுவதாகச் சொல்லித்தான் 1865-இல் நாடாளுமன்றத்தில் அனுமதி வாங்கியிருந்தார்கள். பணம் போதவில்லை. மிச்சம் இருந்தது பத்தரை மைல், அதாவது 17 கிலோமீட்டர். அத்தனையும் கெட்டிப் பாறை. அந்தப் பத்தரை மைலைக் கடக்க இன்னும் 27 ஆண்டுகள் ஆயின.

கைல் நிலையத்தின் கதையைச் சொல்லும்போது ஒன்றை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். ரயில் வருவதற்கு முன் அங்கே ஊர் என்று பெரிதாக எதுவும் கிடையாது. ஒரு விடுதி, சில வீடுகள், ஒரு படகுத்துறை, அவ்வளவுதான். நிலையத்தைக் கட்டியது கடலுக்கு அந்தப் பக்கம் இருந்தவர்களுக்காக. ஸ்கை, லூயிஸ், ஹாரிஸ் தீவுகளின் மீன், ஆடு, தபால், உறவு எல்லாம் பெருநிலத்தோடு இணைகிற இடமாக அது இருக்க வேண்டும் என்பதே எண்ணம். ஆகவே இந்த நிலையத்தின் நல்லது கெட்டது எல்லாமே நடைமேடையைத் தாண்டி, தண்ணீரிலிருந்து வந்தவை.

ஸ்டிரோம் ஃபெரிக்கே திரும்புவோம். லாக் கேரனின் வாய் குறுகல், நீரோட்டமும் பொல்லாதது. ஆனாலும் ஸ்கை தீவின் போர்ட்ரீக்கும் லூயிஸ் தீவின் ஸ்டோர்னோவேக்கும் கப்பல்கள் அங்கிருந்துதான் போயின. தொடக்கத்தில் ரயில் கம்பெனியே கப்பல் விட்டுப் பார்த்தது, கட்டுப்படியாகவில்லை. 1880-இல் டிங்வால் – ஸ்கை கம்பெனியை ஹைலேண்ட் ரயில்வே தன்னோடு இணைத்துக்கொண்டது. அதே ஆண்டில் கம்பெனியின் ‘ஃபெரட்’ என்ற நீராவிக் கப்பலை உல்லாசப் பயணத்துக்கு என்று சிலர் வாடகைக்கு எடுத்தார்கள். கப்பல் ஜிப்ரால்டரைத் தாண்டியதும், மூழ்கிவிட்டதாக நம்ப வைப்பதற்காகப் படகுகளையும் சாமான்களையும் கடலில் வீசினார்கள். பெயரை அழித்து வேறு பெயர் எழுதினார்கள். பிரேசிலில் காப்பிக்கொட்டை ஏற்றி, கேப் டவுனில் அதை விற்றுக் காசாக்கி, ஆஸ்திரேலியாவரை போய்விட்டார்கள். 1881-இல் மெல்போர்னில்தான் கப்பல் பிடிபட்டது. ஸ்காட்லாந்தின் ஒரு மூலையில் தீவுக்கும் கரைக்கும் போய்வந்துகொண்டிருந்த கப்பலுக்கு இப்படி ஒரு வாழ்வு!

தண்டவாளத்தின் மேலும் சிரமம் குறைவில்லை. டிங்வாலைத் தாண்டியதும் 50 அடிக்கு ஓரடி ஏறும் செங்குத்து. அடிக்கடி வளைவுகள். அந்தப் பாதைக்கென்றே ஹைலேண்ட் கம்பெனியின் எஞ்சின் பொறியாளர் டேவிட் ஜோன்ஸ் 1882-இல் சிறிய சக்கரங்கள் கொண்ட ஓர் எஞ்சினை வடிவமைத்தார். ‘ஸ்கை போகி’ என்ற பெயர் அதற்கு நிலைத்துவிட்டது. மொத்தம் ஒன்பது எஞ்சின்கள், ஆண்டுக்கணக்கில் மீனை இழுத்தன.

மீன்தான் 1883-ஆம் ஆண்டின் பெரிய நிகழ்ச்சிக்கும் காரணம். தீவுகளிலிருந்து வரும் மீன் திங்கட்கிழமை லண்டன் சந்தைக்குப் போய்ச் சேர வேண்டுமென்றால், ஞாயிற்றுக்கிழமையே ஸ்டிரோம் ஃபெரியில் இறக்கி ரயிலில் ஏற்றியாக வேண்டும். கம்பெனிக்கும் வியாபாரிகளுக்கும் அது வெறும் கால அட்டவணை. மேற்குக் கரை மக்களுக்கோ ஞாயிறு கர்த்தருடைய நாள். அன்று அடுப்புக்கு விறகு பிளக்கக்கூடத் தயங்கிய குடும்பங்கள் அவை. ஜூன் 3, ஞாயிறு. பொழுது விடியும் முன்பே சுற்றுவட்டாரக் கரையோர ஊர்களிலிருந்து மீனவர்கள் துறைமேடைக்கு வந்து, மீன் இறக்கிக்கொண்டிருந்த ஆட்களை வேலையை நிறுத்தச் சொன்னார்கள். கேட்காதவர்களை விரட்டினார்கள். நேரம் ஆக ஆகக் கூட்டம் நூறைத் தாண்டியது. டிங்வாலிலிருந்து வந்த காவலர்களால் அவர்களை அசைக்க முடியவில்லை. நிலையமும் துறைமேடையும் நாள் முழுவதும் அவர்கள் கையில் இருந்தன. ஜெபம் செய்தார்கள். நள்ளிரவு கடந்து திங்கட்கிழமை பிறந்ததும், தாங்களாகவே கலைந்து வீட்டுக்குப் போனார்கள். ஒரு பெட்டி மீன்கூடத் திருடு போகவில்லை.

அடுத்த ஞாயிறு பெரிய போலீஸ் படையே வந்து நின்றது. எதுவும் நடக்கவில்லை. பத்துப் பேரைக் கைது செய்து எடின்பரோ உயர் நீதிமன்றத்தில் நிறுத்தினார்கள். ஜூரிகள் கருணை காட்டச் சொல்லிப் பரிந்துரைத்தும் நான்கு மாதச் சிறை கிடைத்தது. நாடெங்கும் அனுதாபம் எழுந்தது. தண்டனைக் காலம் முடியுமுன்பே விடுவித்தார்கள்.

ரயில்வே வரலாற்று நூல்கள் இந்த நிகழ்ச்சியை வேடிக்கைக் கதையாக ஒரு பத்தியில் சொல்லி நகர்ந்துவிடுகின்றன. எனக்கு அது சம்மதமில்லை. அதற்கு முந்தைய ஆண்டுதான் ஸ்கை தீவின் பிரேஸ் கிராமத்தில், மேய்ச்சல் நிலத்தைப் பறித்த நிலப்பிரபுவை எதிர்த்துக் குடியானவர்கள் போலீஸோடு மோதியிருந்தார்கள். 1883 மே மாதத்தில், அதாவது மீன் தகராறுக்குச் சில வாரங்கள் முன்பு, குடியானவர்களின் குறைகளை விசாரிக்க நேப்பியர் பிரபு தலைமையிலான ஆணையம் அதே பிரேஸில் முதல் அமர்வை நடத்தியது. நிலம் அவர்கள் கையில் இல்லை. கப்பலும் ரயிலும் அவர்களுடையவை இல்லை. வாரத்தில் ஒரு நாளாவது தங்களுடையதாக இருக்கட்டும் என்று நினைத்த மக்கள் அவர்கள். ஸ்டிரோம் ஃபெரி துறைமேடையில் அவர்கள் காத்தது அந்த ஒரு நாளைத்தான்.

நேப்பியர் ஆணையத்தின் அறிக்கை 1884-இல் வந்தது. 1886-இல் குடியானவர்களுக்கு நிலத்தில் பாதுகாப்பு தரும் சட்டமும் வந்தது. மேற்குக் கரையில் ரயிலும் துறைமுகமும் வந்தால் மீன்பிடித் தொழில் தழைக்கும், வறுமை தணியும், அமைதியும் திரும்பும் என்று அரசு நம்பத் தொடங்கியது. உடனே ஆளாளுக்குத் திட்டம் போட்டார்கள். கார்வ் என்ற ஊரிலிருந்து உல்லாபூல் துறைமுகத்துக்குப் பாதை போட 1890-இல் சட்டமே நிறைவேறியது. ஆனால் ஒரு தண்டவாளம்கூடப் போடாமல் அந்தத் திட்டம் கைவிடப்பட்டது. உல்லாபூல் என்ற பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். எண்பது ஆண்டுகள் கழித்து அந்த ஊரே கைலுக்கு எமனாக வரப் போகிறது.

ஹைலேண்ட் கம்பெனியை உண்மையில் ஓடவைத்தது தெற்கிலிருந்து வந்த போட்டி. கிளாஸ்கோவிலிருந்து வெஸ்ட் ஹைலேண்ட் ரயில்வே மேற்குக் கரையை நோக்கி வந்துகொண்டிருந்தது. மல்லேக்கில் அது கடலைத் தொட்டுவிட்டால் தீவுகளின் மீனும் பயணிகளும் அந்தப் பக்கம் போய்விடுவார்கள். இருபது ஆண்டுகளுக்கு மேல் பணமில்லை என்று சொல்லிக்கொண்டிருந்த கம்பெனி, 1893-இல் கைல்வரை நீட்டிக்க அனுமதி பெற்றது.

பொறியாளர் மர்டாக் பேட்டர்சன். ஹைலேண்ட் கம்பெனியிலேயே வாழ்நாளைக் கழித்தவர். அவருக்குக் கிடைத்த நிலம் இரக்கமற்றது. ஒரு பக்கம் கடல், மறு பக்கம் நேராக எழும் பாறை. பத்தரை மைலுக்குள் 31 இடங்களில் பாறையை வெட்டி வழி எடுத்தார்கள், 29 பாலங்கள் கட்டினார்கள். மைலுக்கு ஏறத்தாழ 20,000 பவுண்டு செலவானது. அன்றைய பிரிட்டனில் இத்தனை செலவு பிடித்த ரயில் பாதை அபூர்வம். கடைசியில் நிலையத்துக்கே இடமில்லை. முனையில் இருந்த பாறையை வெடி வைத்துத் தகர்த்து நிலையத்துக்கு இடம் உண்டாக்கினார்கள். துறைமேடை கடலுக்குள் நீண்டது. நடுவில் நீளமான மரக்கட்டடம், இருபுறமும் தண்டவாளம். ரயிலிலிருந்து இறங்கிய பயணி சில அடிகளில் கப்பல் ஏறலாம். 1897 நவம்பர் 2 அன்று நிலையம் திறக்கப்பட்டது. பேட்டர்சன் அடுத்த ஆண்டே காலமானார்.

இடைப்பட்ட நிலையங்களில் டன்கிரெய்க் பற்றி ஒரு வார்த்தை. எண்கோண வடிவில் சின்னஞ்சிறு காத்திருப்பு அறை, பக்கத்தில் ஒரு மாளிகை. நிலையம் அந்த மாளிகைக்காரர்களுக்கு மட்டும் கட்டப்பட்டது, 1949-இல்தான் பொதுமக்களுக்குத் திறந்தார்கள். மாளிகையை 1866-இல் கட்டிய அலெக்சாண்டர் மேத்சன், ஜார்டின் மேத்சன் கம்பெனியின் பங்குதாரராக இருந்து பெரும் செல்வத்தோடு திரும்பியவர். வங்காளத்திலும் மால்வாவிலும் விளைந்த அபினைச் சீனாவில் விற்று வளர்ந்த கம்பெனி அது. அந்தப் பணத்தில்தான் அவர் லோகால்ஷ் எஸ்டேட்டை வாங்கினார், ஹைலேண்டின் ரயில் திட்டங்களை ஆதரித்தார். அவருடைய சிற்றப்பா முறையோ மாமா முறையோ ஆன ஜேம்ஸ் மேத்சன் லூயிஸ் தீவையே 1844-இல் விலைக்கு வாங்கியவர். இந்த அழகான கரையோரப் பாதையைப் பற்றிப் பேசும்போது, இந்தியக் குடியானவர்களின் வயலிலிருந்து கிளம்பிய அந்தப் பணத்தையும் சேர்த்தே நாம் பேச வேண்டும்.

அடுத்த இருபது ஆண்டுகள் நிலையத்துக்கு நல்ல காலம். மேக்பிரெய்ன் கம்பெனியின் தபால் கப்பல்கள் ஸ்டிரோம் ஃபெரியை விட்டு இங்கே வந்தன. ஊர் வளர்ந்தது. மல்லேக்குக்கு 1901-இல் ரயில் வந்தபோது, மீனில் ஒரு பங்கு அந்தப் பக்கம் போனாலும் லூயிஸ் தீவுக்காரர்களுக்கு வாசல் கைல்தான்.

முதல் உலகப் போர் வந்ததும் பாதையின் வேலையே மாறியது. ஸ்காட்லாந்துக்கும் நார்வேக்கும் இடையே ஜெர்மன் நீர்மூழ்கிகளைத் தடுக்கக் கடலில் கண்ணிவெடிகளாலேயே வேலி போட அமெரிக்கக் கடற்படை முன்வந்தது. அட்லாண்டிக் தாண்டி வந்த வெடிகளில் ஒரு பெரும் பகுதி 1918-இல் கைலில் இறங்கியது. அங்கிருந்து ரயிலில் நாட்டின் குறுக்கே கிழக்குக் கரையின் இன்வர்கார்டன் பகுதிக்குப் போனது. மொத்தத்தில் 70,000 கண்ணிவெடிகள் கடலில் போடப்பட்டன.

நவம்பரில் போர் ஓய்ந்தது. அடுத்த மாதக் கடைசியில் நடந்ததைத்தான் லூயிஸ் தீவு இன்றும் பேசத் தயங்குகிறது.

தீவின் ஏறக்குறைய 30,000 பேரில் 6,000 பேர் போருக்குப் போயிருந்தார்கள். ஏறத்தாழ 1,000 பேர் திரும்பவில்லை. மிஞ்சியவர்களில் கடற்படைக்காரர்கள் பலருக்குப் புத்தாண்டு விடுமுறை கிடைத்தது. ஸ்காட்லாந்தில் கிறிஸ்துமஸைவிடப் புத்தாண்டுக்கு மவுசு அதிகம். 1918 டிசம்பர் 31 மாலை, அவர்களை ஏற்றிக்கொண்டு இரண்டு ரயில்கள் கைலுக்கு வந்தன. வழக்கமான தபால் கப்பல் ‘ஷீலா’ சிறியது, அத்தனை பேருக்கும் இடமில்லை. கைலில் இருந்த கடற்படை அதிகாரி ஸ்டோர்னோவேக்குத் தந்தி கொடுத்து ‘அயோலேர்’ என்ற கப்பலை வரவழைத்தார். 1881-இல் செல்வந்தரின் உல்லாசப் படகாகக் கட்டி, பின்பு கடற்படை எடுத்துக்கொண்ட கப்பல். அதில் 280 பேருக்கு மேல் ஏறினார்கள். உயிர்காப்பு மிதவைகள் 80 பேருக்குத்தான் இருந்தன. படகுகளில் 100 பேருக்கு இடம்.

யார் எந்தக் கப்பலில் ஏறுவது என்பது கைல் துறைமேடையில் அந்த ஒன்றிரண்டு மணி நேரத்தில் தீர்மானமானது. ரயிலில் சேர்ந்து உட்கார்ந்து வந்த நண்பர்கள் ஆளுக்கொரு கப்பலில் பிரிந்தார்கள். ஷீலாவில் இடம் கிடைத்தவர்கள் ஊர் போய்ச் சேர்ந்தார்கள்.

அயோலேர் இரவில் காற்றும் மழையுமாக வடக்கே போனது. ஜனவரி முதல் தேதி அதிகாலை இரண்டு மணியளவில், ஸ்டோர்னோவே துறைமுகத்துக்கு ஒரு மைலுக்கும் குறைவான தூரத்தில், ஹோம் முனைப் பாறைகளில் மோதியது. கரை இருபது கஜம்தான். இடையில் கொந்தளிக்கிற தண்ணீர். நெஸ் ஊரைச் சேர்ந்த ஜான் ஃபின்லே மெக்ளவுட் ஒரு கயிற்றைப் பிடித்துக்கொண்டு நீந்திக் கரை ஏறினார். அந்தக் கயிற்றைப் பற்றியபடி சுமார் 40 பேர் பிழைத்தார்கள். மொத்தம் பிழைத்தவர்கள் 79. இறந்தவர்கள் குறைந்தது 201. நான்கு ஆண்டுப் போரில் சாகாதவர்கள், வீட்டு வாசலில் செத்தார்கள். விடிந்ததும் சில கிராமங்களில் வீட்டுக்கு வீடு பெட்டி செய்ய வேண்டியிருந்தது.

பிப்ரவரியில் ஸ்டோர்னோவேயில் நடந்த பொது விசாரணையில் ஜூரிகள், கப்பலின் பொறுப்பில் இருந்தவர் துறைமுகத்தை நெருங்கும்போது போதிய எச்சரிக்கை காட்டவில்லை என்றும், மிதவைகளும் படகுகளும் போதவில்லை என்றும் தீர்ப்பளித்தார்கள். கப்பலின் அதிகாரிகள் எல்லாருமே இறந்துபோயிருந்ததால் ஏன் வழி தவறியது என்பதற்குப் பதில் கிடைக்கவே இல்லை. ஒரு ரயில் நிலையத்தின் வரலாற்றில் கப்பல் விபத்துக்கு இத்தனை இடம் எதற்கு என்று வாசகர் கேட்கலாம். இறந்தவர்களில் பெரும்பாலோர் பெருநிலத்து மண்ணில் கடைசியாகக் கால் வைத்தது கைல் நிலையத்தில். அவர்களை விட்டுவிட்டு எஞ்சின்களையும் அட்டவணைகளையும் மட்டும் எழுதினால் அது இந்த நிலையத்தின் வரலாறாக இருக்காது.

போருக்குப் பிறகான ஆண்டுகளை வேகமாகக் கடக்கலாம். 1923-இல் ஹைலேண்ட் கம்பெனி எல்எம்எஸ் என்ற பெரிய கம்பெனியில் கரைந்தது, 1948-இல் எல்லாமே அரசுடைமை ஆயின. இரண்டாம் போரில் கைல் மீண்டும் கண்ணிவெடிக் கப்பல்களின் தளம். 1940 நவம்பரில் ஐந்நூறுக்கும் மேற்பட்ட வெடிகளை ஏற்றி நின்ற ‘போர்ட் நேப்பியர்’ கப்பலின் எஞ்சின் அறையில் தீப்பிடித்தது. ஊர் முழுவதையும் காலி செய்யச் சொன்னார்கள். கப்பலை இழுத்துக்கொண்டு போய் எதிர்க்கரையோரம் விட்டார்கள். அங்கே ஒரு பகுதி வெடித்துச் சிதற, கப்பல் கவிழ்ந்து மூழ்கியது. மிச்சம் இருந்த வெடிகள் சேர்ந்து வெடித்திருந்தால் நிலையமும் இல்லை, ஊரும் இல்லை. அவற்றைக் கடற்படை வெளியே எடுத்தது 1955-56-இல்தான். கப்பல் இன்றும் அங்கேயே கிடக்கிறது.

ஞாயிறும் மறுபடி வந்தது. 1965 ஜூனில் கைலுக்கும் ஸ்கை தீவின் கைலாகினுக்கும் இடையே ஞாயிற்றுக்கிழமையும் படகு விட முடிவானபோது, அங்கஸ் ஸ்மித் என்ற போதகர் சபையாரோடு வந்து, கார்கள் இறங்க முடியாதபடி துறைச் சரிவில் படுத்துவிட்டார். போலீஸ் அவர்களைத் தூக்கிக்கொண்டு போனது. ஸ்டிரோம் ஃபெரியில் சிறைக்குப் போன பத்துப் பேரின் பேரன்கள் காலத்திலும் அந்த உணர்வு உயிரோடு இருந்தது. ஸ்டோர்னோவேக்கு ஞாயிற்றுக் கப்பல் ஓடத் தொடங்கியது 2009-இல் என்றால் அதன் வேர் எவ்வளவு ஆழம் என்று தெரியும்.

நிலையத்தின் உயிருக்கு ஆபத்து வந்தது 1963 மார்ச்சில். நஷ்டத்தில் ஓடும் பாதைகளை மூடச் சொன்ன பீச்சிங் அறிக்கையில் இன்வர்னஸ் நகருக்கு வடக்கிலும் மேற்கிலும் உள்ள எல்லாப் பாதைகளும் இருந்தன. எதிர்ப்பு பலமாக எழ, கைல் பாதை 1964-இல் தப்பியது. அடுத்த அடிதான் வலித்தது. 1973-இல் ஸ்டோர்னோவே கப்பல், கார்களும் லாரிகளும் அப்படியே ஏறி இறங்கும் புதிய ஏற்பாட்டோடு உல்லாபூலுக்கு மாறியது. 1890-இல் ரயில் கேட்டுக் கிடைக்காத ஊர், ரயிலே இல்லாமல் கைலின் வியாபாரத்தை எடுத்துக்கொண்டது. லூயிஸ் தீவே போன பிறகு ரயில் எதற்கு என்று, 1974 தொடக்கத்தில் பாதையை மூட அரசு முடிவெடுத்திருந்தது.

அப்போதும் கடல்தான் காப்பாற்றியது. வட கடலில் எண்ணெய் கிடைத்திருந்தது. தோண்டும் மேடைகளைக் கட்ட ஆழமான, ஒதுக்கமான நீர்நிலை தேவைப்பட்டது. லாக் கேரனுக்குப் பக்கத்துக் கழியான கிஷார்ன் பொருந்தியது. குறுகலான மலைச் சாலையில் கனரகச் சரக்கு போக வழியில்லை. ரயிலில் ஸ்டிரோம் ஃபெரிவரை கொண்டுவந்து அங்கிருந்து கடல் வழியாக அனுப்பினால்தான் உண்டு. 1974-இல் மூடும் முடிவு கைவிடப்பட்டது. கிஷார்னில் உருவான நினியன் சென்ட்ரல் மேடை 1978-இல் கடலுக்கு இழுத்துச் செல்லப்பட்டபோது எடை சுமார் 6,00,000 டன். மனிதன் நகர்த்திய பொருட்களில் அன்றைக்கு அதுவே மிகப் பெரியது. போராடியவர்களின் மனுக்களுக்கும் கூட்டங்களுக்கும் மதிப்பில்லை என்று நான் சொல்லவில்லை. அவர்கள் இழுத்துப் பிடித்திருக்காவிட்டால், எண்ணெய் வந்தபோது பாதையே இருந்திருக்காது.

1984-இல் இந்தப் பாதை ஒரு முதலிடத்தைப் பெற்றது. ஒற்றைப் பாதையில் ரயில் ஓட்ட, ஓட்டுநரின் கையில் டோக்கன் இருக்க வேண்டும் என்பது பழைய முறை. நிலையத்துக்கு நிலையம் ஆள் வைத்து அதைக் கைமாற்றுவது கட்டுப்படியாகவில்லை. வானொலி வழியே எஞ்சினில் உள்ள திரைக்கு டோக்கனை அனுப்பும் முறை பிரிட்டனிலேயே முதன்முதலாக இங்கேதான் நடைமுறைக்கு வந்தது. செலவு குறைந்தது, பாதை பிழைத்தது. கைலின் சிக்னல் அறைக்கு வேலை போனது. 1989 பிப்ரவரியில் இன்வர்னஸில் நெஸ் ஆற்றுப் பாலம் வெள்ளத்தில் இடிந்து வடக்கும் மேற்கும் துண்டானபோது, இதுதான் சாக்கு என்று பாதையைக் கைவிட்டுவிடுவார்களோ என்ற அச்சம் இருந்தது. அடுத்த ஆண்டே புதிய பாலம் வந்தது.

1995 அக்டோபர் 16 அன்று ஸ்கை பாலம் திறந்தது. கைலாகின் படகு அன்றோடு நின்றது. பாலத்தில் வசூலித்த சுங்கம் அநியாயம் என்று தீவு மக்கள் வழக்கும் சிறையுமாகப் போராடி, 2004 டிசம்பரில் அதை ஒழித்தார்கள். ரயிலில் வந்து இறங்குபவர் இப்போது ஸ்கைக்குப் பஸ்ஸில் போகிறார். நிலையக் கட்டடத்தில் பாதையின் ஆர்வலர்கள் நடத்தும் அருங்காட்சியகம் இருக்கிறது. பழைய சிக்னல் அறையைச் சீர்படுத்தி வைத்திருக்கிறார்கள். ரயில்களில் பெரும்பாலோர் காட்சி பார்க்க வருபவர்கள். ஆனால் குளிர்காலத்தில் இன்வர்னஸ் மருத்துவமனைக்கும் கல்லூரிக்கும் போய்வரும் உள்ளூர்க்காரர்களும் அதே ரயிலில்தான் ஏறுகிறார்கள்.

ஹைலேண்ட் கம்பெனியை இத்தனை அவசரப்படுத்திய போட்டியாளருக்கு நாம் இன்னும் நியாயம் செய்யவில்லை. அரசின் உத்தரவாதப் பணத்தோடும், ‘கான்கிரீட் பாப்’ என்று பெயரெடுத்த ராபர்ட் மெக்அல்பைனின் துணிச்சலோடும் மல்லேக்குக்கு ரயில் வந்த கதையை அடுத்த வாரம் பார்ப்போம்.

(தொடரும்)